முழுப் பறவை

“இந்த வருஷமும் அந்த நொண்டிப் பறவைதானா?” என்றார் டெல்பர்ட்.

“அதுக்கென்ன? கராஜ் கதவுல பட்டு உடைஞ்சது. இருந்துட்டுப் போகட்டும்” என்றார் ஹார்லன். முப்பது வருடமாக இதே பதில்தான்.

மிச்சிகனில் பழைய கார் கண்காட்சி எங்கே நடந்தாலும் ஹார்லனின் 1931ஆம் வருடக் கறுப்பு வண்டி முதல் வரிசையில் நிற்கும். மூக்கில் உட்கார்ந்திருக்கும் உலோகப் பறவையைத் தவிர அதில் குறை சொல்ல ஒன்றும் கிடையாது. பறவையின் இடது இறக்கை பாதியில் முறிந்திருந்தது. அதற்கென்றே மார்க்கைக் குறைப்பார்கள். முதல் பரிசு கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போகும். வேறு வாங்கி மாட்டுங்களேன் என்று யாராவது சொன்னால் ஹார்லன் செவிடாகிவிடுவார். கஞ்சன் என்று பேர் வாங்கியதுதான் மிச்சம்.

இனி வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதுதான் ஹார்லனின் கடைசிக் கண்காட்சி. டெல்பர்ட்டுக்கு மனசு கேட்கவில்லை. முலாம் பட்டறையில் நாற்பது வருடம் உழைத்தவர் அவர். ஒஹையோ சந்தையில் அதே அச்சில் வார்த்த பறவையைத் தேடிப் பிடித்து, தானே முலாம் பூசி, கோட்டுப் பையில் கொண்டுவந்திருந்தார்.

ஹார்லன் காப்பி வாங்கப் போனார்.

அந்தக் கால வண்டிகளில் ரேடியேட்டர் மூடி வெளியே துருத்திக்கொண்டிருக்கும். அந்த அசிங்கத்தை மறைக்கத்தான் பறவை, நாய், துணியில்லாத மங்கை என்று ஆளுக்கொன்றை மூடிமேல் உட்கார வைத்தார்கள். மூடியைத் திருகினால் பறவையும் கூடவே வந்துவிடும். டெல்பர்ட் திருகினார். நொண்டி பைக்குள் போனது. முழுப் பறவை வண்டிமேல் ஏறியது.

சற்று நேரத்தில் வயதான பெண்மணி ஒருவர், ஒவ்வொரு வண்டியின் மூக்கையும் குனிந்து பார்த்தபடி வந்தார். இந்தப் பறவையைக் கண்டதும் நின்றார். கைக்குட்டையை விரித்தார். உள்ளே கட்டைவிரல் நீளத்தில் ஒரு உலோகத் துண்டு.

“இதோட இறக்கை எப்பவாவது உடைஞ்சிருந்துச்சா, ஐயா?”

டெல்பர்ட்டுக்குச் சுருக்கென்றது. முன்பின் தெரியாதவர்களை அவர் நம்பியதே கிடையாது. இந்த வருடம் நடுவர்கள் எல்லாம் புது ஆட்கள். மாற்றி மாட்டியது தெரிந்தால் அதற்கும் மார்க்கை வெட்டுவார்கள். பக்கத்து வண்டிக்காரன் ஆள் விட்டு வேவு பார்க்கிறானோ?

“உடையுறதா? தொழிற்சாலைய விட்டு வந்த நாள்லேருந்து ஒரு கீறல் விழுந்ததில்ல. வேற வண்டியப் பாருங்கம்மா.”

“அப்ப இது இல்ல” என்றார் அவர். “என் தம்பி சாகுற வரைக்கும் இந்தத் துண்டைப் பெட்டியில வெச்சிருந்தான்.” கைக்குட்டையை மடித்துக்கொண்டு நடந்தார்.

பிறகு நடுவர்கள் வந்தார்கள். சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். முதல் பரிசின் நீல ரிப்பனைக் கதவுப் பிடியில் கட்டிவிட்டுப் போனார்கள்.

ஹார்லன் இரண்டு காப்பியோடு திரும்பினார். ரிப்பன் அவர் கண்ணில் படவில்லை. பறவையையே பார்த்துக்கொண்டு நின்றார். டெல்பர்ட் சிரிப்பை அடக்க முடியாமல் எல்லாவற்றையும் சொன்னார். வேவு பார்க்க வந்த கிழவியை விரட்டிவிட்ட கதையையும் சேர்த்துத்தான்.

“அவங்க கையில என்ன இருந்துச்சு?” என்றார் ஹார்லன்.

“ஏதோ துண்டு. கட்டைவிரல் நீளம் இருக்கும்.”

“எங்க அவங்க?”

“அப்பவே கார்ல ஏறிப் போயாச்சு. பேரு யாரு கேட்டா?”

ஹார்லன் வண்டியின் படிப்பலகையில் மெதுவாக உட்கார்ந்தார்.

“நாப்பத்தேழுல ஒரு பையனை இடிச்சுட்டு நிக்காம வந்துட்டேன், டெல்பர்ட். இறக்கை அவனோடவே போயிடுச்சு. தேடிப் போய்ச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்ல. அந்தத் துண்டு யார்கிட்ட இருக்கோ அவங்களாவது என்னைக் கண்டுபிடிக்கட்டும்னுதான், முப்பது வருஷமா உடைஞ்ச பறவையோட ஊர் ஊரா வந்து நின்னேன்.”

டெல்பர்ட்டின் கை கோட்டுப் பைக்குள் போனது. முறிந்த இறக்கையின் முனை இன்னும் கூராகத்தான் இருந்தது.