தட்டிப் பார்க்கும் பெட்டி

மழை விட்ட மதியம். வாத்தியக் கடையின் கண்ணாடிக் கதவு வழியே வரும் வெளிச்சம், மேசைமேல் கிடக்கும் லூட் என்னும் தந்தி வாத்தியத்தின் பேரிக்காய் வயிற்றில் வழுக்கி விழுகிறது. பின்பக்கமாக மடிந்த அதன் தலையைத்தான் எந்தப் பெட்டியும் ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறது. கடைக்காரர் இன்னொரு பெட்டியைத் தூக்கி வந்து அதன் முதுகில் ஓங்கி ஒரு குத்து விடுகிறார். “யானை மிதிச்சாலும் ஒண்ணும் ஆகாதும்மா.” தங்கைக்குத் தரப்போகும் தன் லூட்டுக்குப் பெட்டி வாங்க வந்த அக்காவின் முகம் மலர்கிறது. தங்கை தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறாள். “யானைய நான் எங்கக்கா கூட்டிட்டுப் போறேன்? போற ஊர்ல இதைச் சுமந்துக்கிட்டு மாடி ஏறப்போறது நான்தானே.” “இத்தனை வருஷம் நான் சுமக்கலையா?” என்கிறாள் அக்கா. கணுக்கள் வீங்கிய அவள் விரல்கள் இப்போது பாதிதான் மடங்குகின்றன. கடைசியில், உள்ளே நீல வெல்வெட் வைத்த, கனம் குறைந்த ஒரு பெட்டி அமைகிறது. அக்காதான் லூட்டைப் படுக்க வைக்கிறாள், கழுத்துக்கு அடியில் துணி செருகுகிறாள், மூடுகிறாள். பிறகு மூடியில் காதை ஒட்டவைத்து, கண்ணை மூடிக்கொண்டு, “தட்டு” என்கிறாள். தந்தி எங்காவது உரசினால் சத்தம் மொத்தையாக வரும். உரசாவிட்டால் எல்லாத் தந்திகளும் சேர்ந்து உள்ளே முனகும். தங்கை தட்டுகிறாள். மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கும் கடைக்காரருக்கே அந்த முனகல் தெளிவாகக் கேட்கிறது. “சரியா இருக்குல்லக்கா?” அக்கா கண்ணைத் திறக்கவில்லை, பெட்டியை அணைத்த கையையும் எடுக்கவில்லை. “கேக்கலடி. இன்னொரு தடவ தட்டு.”