ஒரே ஒரு கழுதை ஓட்டு

“அந்த ஒரு கழுதை யாருன்னு கண்டுபிடிக்காம எனக்குத் தொண்டையில எதுவும் இறங்காது!” என்று மேசையைத் தட்டிவிட்டு, டெல்மர் மூன்றாவது பேன்கேக்கைச் சிரப்பில் தோய்த்து விழுங்கினார்.

அந்த டைனர் உணவகத்தில் இருந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். நெப்ராஸ்காவின் சோளக்காடுகளுக்கு நடுவே இருக்கும் அந்தச் சின்ன ஊரில் அத்தனை பேரும் யானைச் சின்னக் கட்சி. ஆனால் ஒவ்வொரு தேர்தலிலும் எண்ணி முடித்துப் பார்த்தால் கழுதைச் சின்னக் கட்சிக்கு ஒரே ஒரு ஓட்டு விழுந்திருக்கும்.

ஊருக்கு யானைக் கட்சித் தலைவர் டெல்மர்தான். அவருக்கு முன்னால் அவர் அப்பா. அதற்கும் முன்னால் தாத்தா. மானப் பிரச்சினை அல்லவா?

“இதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு? எமெட்தான்,” என்றார் இறைச்சிக்கடை ரஸ். “மாடு வளர்க்கிற ஊர்ல ஓட்ஸ் பால் குடிக்கிறான். சைக்கிள்ல வேற போறான்.”

இதைவிடச் சாட்சி வேண்டுமா? கொஞ்ச நாளாகவே எமெட்டை யாரும் சீட்டாடக் கூப்பிடுவதில்லை. தேவாலய விருந்துக்கு அவன் செய்து கொண்டுவந்த உருளைக்கிழங்கு சாலட்டை ஒருவரும் தொடவில்லை. பாவம், வீட்டுக்கு எடுத்துப்போய் அவனே தின்று தீர்த்தான்.

கதவு படாரென்று திறந்தது. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் எமெட் நின்றான்.

“எல்லாரும் கேட்டுக்கோங்க! இந்தத் தடவை நான் ஓட்டே போடப் போறதில்ல. ஓட்டுச்சாவடிக்கு எதிர்லயே நாற்காலி போட்டு, முடியற வரைக்கும் உட்கார்ந்திருப்பேன். அப்பவும் கழுதைக்கு ஓட்டு விழுந்தா, உங்க மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுக்கறீங்கன்னு பாக்கறேன்!”

டெல்மருக்குப் புரையேறியது. இருமிக்கொண்டே அவன் பின்னால் ஓடினார்.

“தம்பி எமெட்! ஓட்டுப் போடறது நம்ம உரிமைப்பா. அதைப் போய் விடலாமா?”

“என்ன தலைவரே, திடீர்னு என் ஓட்டு மேல இவ்வளவு பாசம்?”

“நானே வண்டியில கூட்டிட்டுப் போறேன். டோனட் வாங்கித் தரேன்.”

“கடையையே வாங்கித் தந்தாலும் வரமாட்டேன்.”

வீட்டில் டெல்மரின் மனைவி நோரீன் கேட்டாள்: “அவன்கிட்ட எதுக்கு அப்படிக் கெஞ்சினே?”

“கையும் களவுமா பிடிக்கணும்னுதான். ஓட்டே போடலைன்னா எப்படிப் பிடிக்கறது?”

நோரீன் அவரை ஒரு மாதிரி பார்த்தாள்.

தேர்தல் அன்று, தீயணைப்பு நிலையத்தில் ஓட்டுப்பதிவு. எதிரே எமெட் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, ஓட்ஸ் பால் ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தான்.

“இன்னிக்குக் கழுதைக்கு ஒண்ணும் விழலைன்னா, இத்தனை வருஷமா போட்டவன் இவன்தான். மூட்டை கட்ட வேண்டியதுதான்,” என்றார் ரஸ்.

டெல்மர் தன் ஷூவைப் பார்த்தார். உள்ளே போய், யானைக் கட்சிக்குப் போட்டுவிட்டு வெளியே வந்தார். அடுத்ததாக நோரீன் போனாள்.

மாலையில், எண்ணி முடித்து அறிவித்தார்கள். எல்லாம் யானைக்கு. கழுதைக்கு ஒன்று.

ஊரே வாயைப் பிளந்து ஜன்னல் பக்கம் திரும்பியது. எமெட் நாற்காலியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

ரஸ்தான் முதலில் போய் அவனை எழுப்பினார். “தப்பா நினைச்சிட்டோம்டா. சீட்டாட ஒரு கை குறையுது, வரியா?” என்றார். சமாதானத்துக்கு அடையாளமாக ஓட்ஸ் பாலில் ஒரு மடக்கு வாங்கிக் குடித்து, துப்ப முடியாமல் விழுங்கியும் வைத்தார்.

டெல்மர் மட்டும் பேயறைந்தவர்போல் வண்டியை ஓட்டினார். வீட்டு வாசலில் நிறுத்தியதும் கேட்டார்.

“எப்படி நோரீன்? அந்த ஒரு ஓட்டு எப்படி விழுந்துச்சு?”

“தேர்தலுக்குத் தேர்தல் கழுதைக்குப் போடற என் வீட்டுக் கிழவன், இந்தத் தடவை பயந்துபோய் யானைக்குப் போட்டுடுவான்னு எனக்குத் தெரியாதா? பாவம் அந்த எமெட், ஊரை விட்டே ஓட வேண்டியதாயிடும். அதான், உன் ஓட்டை நான் போட்டுட்டேன்!” என்றபடி நோரீன் வண்டியிலிருந்து இறங்கினாள்.