மூன்று மீட்டர்

எங்கள் கல்யாண நாளுக்காக அவர் காட்டுப் பூங்காவில் ஒரு டப்பாவை ஒளித்துவைத்து, அந்த இடத்தின் ஜிபிஎஸ் எண்களை எனக்கு அனுப்பியிருந்தார். நான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

“இருபது மீட்டர் தள்ளித் தள்ளிக் காட்டுதுங்க,” என்றேன் போனில்.

“மரத்தடியில நின்னா அப்படித்தான் சிக்னல் அலையும். வெட்டவெளிக்கு வந்து, பத்து நிமிஷம் அசையாம நில்லு.”

“பாப்பா எழுந்துட்டாளா?”

“அவளை நான் பார்த்துக்கறேன். நீ அவசரப்படாதம்மா.”

பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது. ஜன்னல் திறந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறு வருடத்தில் அவர் என்னிடம் இவ்வளவு பொறுமையாகப் பேசியதே இல்லை. அந்தக் குரலுக்காகவே, மூன்று மீட்டர் என்று காட்டிய பிறகும், “இன்னும் இருபதுதாங்க,” என்று பொய் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

“அப்போ இன்னும் கொஞ்ச நேரம் நில்லு,” என்றார், சலிக்காமல்.

கடைசியில் போனை வைத்துவிட்டு, வேரடியிலிருந்து டப்பாவை எடுத்தேன். உள்ளே அவருடைய வீட்டுச் சாவியும் ஒரு சீட்டும் இருந்தன.

“இதைக் கண்டுபிடிக்க உனக்கு எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள பாப்பாவோட ரொம்ப தூரம் போயிருப்பேன். தேடாத.”

நான் இரண்டு மணி நேரம் கொடுத்திருந்தேன்.