பன்னிரண்டாவது பெயர்

மாலை வெயில் கண்ணாடிக் கதவு வழியே ஓட்டலின் பளிங்குத் தரையில் நீளமாக விழுந்து கிடக்கிறது. மாநாட்டுக்கு வந்த பன்னிரண்டு செவிலியர் பெட்டிகளோடு நிற்கிறார்கள். குழுக்களுக்கான அறைகளைக் கவனிக்கும் ஓட்டல் பெண் திரையை மூன்றாம் முறையாகத் தட்டிப் பார்க்கிறாள். பெயர்ப் பட்டியல் கெடுவுக்குள் வராததால், அவர்களுக்கு ஒதுக்கிய அறைகளைக் கணினி தானாகவே விடுவித்துவிட்டது; அத்தனையும் விற்றுப்போயிருக்கின்றன. மற்ற ஓட்டல்களும் கையை விரித்துவிட்டன. "ஒரே நாள்தானேம்மா லேட்டு? எங்க பன்னிரண்டாவது ஆளு, இதோ பின்னால நிக்கிறாளே, இவளுக்கு லீவு கிடைக்குமான்னு தெரியல. இவளை விட்டுட்டு பேரு அனுப்ப மனசு வரல," என்கிறார் தலைமைச் செவிலியர். "என் கையில ஒண்ணுமே இல்லக்கா," என்கிறாள் ஓட்டல் பெண். "லீவு கிடைச்ச மகராசி நான்தான், எல்லாரும் நல்லா திட்டிக்கோங்க," என்கிறது பின்னாலிருந்து ஒரு குரல். யாரும் திட்டவில்லை. பக்கத்தில் நிற்பவள் அவள் தோளில் தொங்கும் பையை மட்டும் வாங்கிக்கொள்கிறாள். அதைப் பார்த்த ஓட்டல் பெண், கொடுக்க ஓர் அறைகூட இல்லாதவள், ஆண்டவனை மனதுக்குள் கூப்பிட்டபடி தண்ணீர்த் தட்டோடு மேசையைச் சுற்றி வருகிறாள். தலைமைச் செவிலியர் தம்ளரை எடுத்து அவளிடமே நீட்டுகிறார். "முதல்ல நீ குடி கண்ணு. எங்களுக்காக எத்தனை ஓட்டலுக்குப் போன் போட்டிருக்க!"