தேவி வைத்த மிச்சம்

"இன்னிக்கு நான் இங்கேயே நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ரிமூத் தேவியின் வண்டிச் சக்கரத்தில் சாய்ந்துகொண்டான்.

படையல் தட்டோடு வந்த நராம்து திரைக்கு முன்னாலேயே நின்றுவிட்டாள்.

ரிமூத் அசூர் ராஜாவின் படையில் ஐம்பது பேருக்குத் தலைவன். நராம்துவின் ஊரைப் பிடித்து, மதிலை இடித்து, ஜனங்களைக் கயிற்றில் கோத்து வடக்கே ஓட்டிக்கொண்டு போகிற படை. ஊர்த் தெய்வம் ஷாலாவின் சிலையை மட்டும் மரியாதையாகத் திரை போட்ட வண்டியில் ஏற்றியிருந்தார்கள். ஜெயித்தவர்கள்தான், ஆனாலும் தெய்வக் கோபம் வேண்டாம் பாருங்கள்!

மனுஷர்களுக்கு ஒரு கைப்பிடி வாற்கோதுமை. தேவிக்கு ரெண்டு வேளையும் ரொட்டி, பேரீச்சம்பழம், ஆட்டுக்கறி.

கோயிலில் படையல் வைத்துக்கொண்டிருந்தவள் நராம்து. வழியிலும் அதே வேலைதான். திரைக்கு அடியில் தட்டைத் தள்ள வேண்டும். தேவி சாப்பிடுவதை யாரும் பார்க்கக்கூடாது. கொஞ்ச நேரம் கழித்து எடுத்து, மிச்சத்தை ராஜாவுக்குக் கொடுக்க வேண்டும். ராஜா வெகுதூரம் முன்னால் போய்விட்டதால் அந்தப் பாக்கியம் ரிமூத்துக்கு.

மூன்று நாளாகத் தட்டு துடைத்தாற்போலத் திரும்பி வந்தது.

உள்ளே, தேவியின் பாவாடைக்குப் பின்னால், நராம்துவின் மகள் தப்னி ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். ஆறு வயசு. கால் வீங்கிவிட்டது. நடக்க முடியாதவர்களைப் படை என்ன செய்யும் என்பதை முதல் நாளே, ஓர் ஓடைக்கரையில், ஊர் முழுக்கப் பார்த்தாயிற்று.

"தேவி இப்படித் தின்னா நம்ம ஆட்டு மந்தை தாங்குமாடா?" என்று ஒரு சிப்பாய் சிரித்தான்.

ரிமூத் சிரிக்காமல் நராம்துவிடம் கேட்டான்: "தின்னது தேவியா, நீயா? நீன்னா கையை வெட்டணும். அதான் கட்டளை."



அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போது தட்டு முழுசாக வந்தால், இத்தனை நாள் திருடித் தின்றவள் அவள் என்றாகிவிடும். கை போகும். குறைந்து வந்தால் திரையை விலக்கிப் பார்ப்பார்கள். பிள்ளை போய்விடும்.

கை போனால் போகட்டும்.

தட்டை உள்ளே தள்ளினாள். ரெண்டு கையையும் அவன் பார்க்கும்படி மடியில் வைத்துக்கொண்டு, வேண்டுதல் மாதிரி உரக்கச் சொன்னாள்: "தாயே, இன்னிக்கு ஒண்ணும் தொடாதே தாயே! அடி என் தங்கமே, தொடாதேடி!"

வாய் தவறிவிட்டது. ரிமூத் திரும்பிப் பார்த்தான்.

உட்காரவும் முடியவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை. வெயில் வேறு மண்டையைப் பிளந்தது. மனசுக்குள் ஷாலாவைத் திட்டித் தீர்த்தாள். ஊரைத்தான் காப்பாற்றத் துப்பில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற இந்த ஒரு வாயையாவது கட்டிப் போடேன்!

"எடு" என்றான் ரிமூத்.

எடுத்தாள். கறி அப்படியே இருந்தது. பழம் அப்படியே இருந்தது. மேலே ரொட்டி.

அப்பாடா என்றிருந்தது. வலது கையையா இடது கையையா என்று யோசித்தாள். வலது என்றால் இனிமேல் பிள்ளைக்குப் பின்னல் போட முடியாது. அதுவா இப்போது முக்கியம்? ஆனாலும் அழுகை வந்தது.

ரிமூத் ரொட்டியை எடுத்தான். திருப்பினான்.

அடிப்பக்கம் ஓரத்தில் ஒரு கடி. சின்ன வாய். நடுவில் ரெண்டு பல் பதியவே இல்லை, அந்த இடத்தில் ரொட்டி துருத்திக்கொண்டு நின்றது. பசி தாங்காமல் கடித்திருக்கிறாள். பிறகு பயந்துபோய்க் குப்புறக் கவிழ்த்து வைத்திருக்கிறாள்.



ரிமூத் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னண்ணே, குறைஞ்சிருக்கா?" சிப்பாய் எட்டிப் பார்க்க வந்தான்.

ரிமூத் வாயை அகலத் திறந்து, சரியாக அந்த இடத்தையே கடித்துப் பிய்த்தான்.

"மூணு நாள் தின்னதே தேவிக்குச் செரிக்கலையாம். மாட்டைப் பூட்டுங்கடா!" என்று வாய் நிறைய ரொட்டியோடு கத்தினான்.

சிப்பாய்கள் சிரித்துக்கொண்டே கலைந்தார்கள்.

ஈட்டியை எடுக்கக் குனிந்தவன் அவள் பக்கம் திரும்பாமல் சொன்னான்:

"நாளைக்கு ரொட்டியைப் பால்ல ஊறவச்சுக் குடும்மா. முன்பல் விழுந்த வயசுல கடிக்க வராது."