பாலசுந்தரத்தின் கோரை

"அந்த ஆளுக்குக் கொஞ்சமாவது வெட்கம் இருக்கா பாருங்க" என்றார் சத்தியநாதன், பக்கத்து வீட்டு ஏரிக்கரையைக் காட்டி.

அங்கே ஆள் உயரத்துக்குக் கோரை நின்றது. பக்கத்தில் நாணல், ஒரு தாழம்புதர், தண்ணீரில் பாதி சாய்ந்த கருவேல மரம், மரம் நிறையக் கொக்கு. இத்தனைக்கும் நடுவே பாலசுந்தரம் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கிடந்தார். நகரி ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்து ரிட்டயரானவர்.

சித்தூருக்கு வெளியே ஏரியை ஒட்டி மனை பிரித்தபோது முதலில் வீடு கட்டியவர் சத்தியநாதன்தான். தாலுகா ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்தவர். பைலில் தூசி இருந்தாலே பொறுக்காதவர், கரையில் புல் பூண்டை விட்டு வைப்பாரா? கோரையை வேரோடு பிடுங்கினார். மொரம்பு மண் கொட்டி மேடாக்கி, தண்ணீர் வரைக்கும் கருங்கல் சுவர் எழுப்பி, படி இறக்கினார். மேலே புல்தரை, ரோஜாத் தோட்டம். ரோஜாவுக்கு மூட்டை மூட்டையாக யூரியா. கக்கூஸ் தொட்டி வழிந்தால் தண்ணீர் ஏரிக்குப் போய்விட, சுவருக்கு அடியில் ஒரு குழாய். வெளியே தெரியாது. அதில் அவருக்கு ரொம்பப் பெருமை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் யாரையாவது அழைத்து வந்து படியில் நிற்க வைப்பார்.

"கொடைக்கானல் மாதிரி இல்ல?"

காலனியில் ஒவ்வொருவராக அதே மாதிரி கட்டிக்கொண்டார்கள். பாலசுந்தரம் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

அப்புறம் ஏரி பச்சையாயிற்று. பாசி திரண்டு நாறியது. ஒரு கோடையில் மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன.

சத்தியநாதன் சும்மா இருப்பாரா? ‘ஏரிப் பாதுகாப்புச் சங்கம்’ தொடங்கினார். தலைவர் அவர். செயலாளர் எதிர்வீட்டு இயேசுதாசன்.

"நம்ம கரையெல்லாம் சிமெண்ட்டு. அழுக்கு எப்படி வரும்? எல்லாம் அந்தக் காட்டுலேருந்துதான் வருது" என்றார் தலைவர்.

"கொசுவும்" என்றார் செயலாளர்.

இரண்டு பேரும் பாலசுந்தரத்திடம் போனார்கள்.

"சார், இதை வெட்டிடுங்க. பாம்பு வருது."

"வருது சார். தவளை துன்ன வருது. துன்னுட்டு அது பாட்டுக்குப் போய்க்கினு இருக்குது."

"பார்க்க அசிங்கமா இருக்கு சார். காலனிக்கே கெட்ட பேரு."

"எனக்கு அப்படித் தெரியல சார்."

"ஆள் நாங்களே வெச்சு வெட்டித் தரோம். நீங்க எழுந்திருக்கவே வேணாம்."

"கோரை அது பாட்டுக்கு நிக்குது. நான் என் பாட்டுக்கு உக்காந்துக்கினு இருக்கேன். எதுக்கு சார் ரெண்டு பேருக்கும் தொந்தரவு?"

திரும்பி வரும்போதே, சோம்பேறி என்று சங்கத்தில் ஏகமனதாகத் தீர்மானமாயிற்று.

அதற்கு மேல் சத்தியநாதன் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. கூலிக்குக் கங்கையாவைப் பேசினார். தினமும் விடிந்ததும் சங்கத்து ஆண்கள் ஏரிக்கட்டை மேட்டில் வாக்கிங் போவது வழக்கம். சனிக்கிழமை வாக்கிங் போகிற மாதிரியே கிளம்பி, ஏரிப் பக்கமாகச் சுற்றி வந்து, பாலசுந்தரம் விழிப்பதற்குள் பாதியை வெட்டிவிடுவது என்று ஏற்பாடு.

"வீட்ல மூச்சு விடக் கூடாது. பொம்பளைங்க வாயில எதுவும் நிக்காது" என்று எச்சரித்தார்.

சொன்னபடி வந்து சேர்ந்தார்கள். முழங்கால் சேற்றில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சத்தியநாதன் முன்னால் நின்றார்.

"எக்கட மொதலு பெட்டாலி சார்? எங்க ஆரம்பிக்கறது?" என்று கேட்டான் கங்கையா, கத்தியைத் தீட்டிக்கொண்டே.

பதில் சொல்ல வாயைத் திறந்தவர், கோரைக்கு அந்தப் பக்கம் கிணற்று ராட்டினம் கிறீச்சிடுவதைக் கேட்டு நின்றார். பாலசுந்தரம் தூங்கவில்லையோ? கோரையை விலக்கிப் பார்த்தார்.

பாலசுந்தரத்தின் கிணற்றடியில் குடங்கள் வரிசையாக இருந்தன. சற்றுத் தள்ளி அவர் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கிடந்தார். இயேசுதாசன் மனைவி தபீதாள் குடத்தோடு காத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் சங்கத்துப் பொருளாளர் வீட்டு அம்மா. கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தது ஜெயசீலி. சத்தியநாதனின் மனைவி.

சேறு சொட்டச் சொட்ட வெளியே வந்தார்.

"நீ இங்க என்ன பண்றே?"

ஜெயசீலி கயிற்றை விடவில்லை. "தண்ணி எடுக்கறேன். குடிக்க."

"நம்ம கிணத்துக்கு என்ன?"

"அதுல கக்கூஸ் வாடை அடிக்க ஆரம்பிச்சு ஒரு வருஷமாகுதுங்க. குழாய் வுட்ட எல்லார் வூட்லயும் அதே கதைதான். இவரு ஒருத்தர்தான் கரையைத் தொடல, கக்கூஸையும் தெருப்பக்கம் கட்டிக்கினாரு. இந்தக் கிணறு ஒண்ணுதான் தப்பிச்சு நிக்குது."

தபீதாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். இயேசுதாசன் கோரைக்குள்ளேயே நின்றுவிட்டார். வெளியே வரவில்லை.

சத்தியநாதன் தன் வீட்டுச் சுவரைப் பார்த்தார். எவ்வளவு ஆசையாகக் கட்டிய சுவர். காது மடல் சுட்டது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா ஜெயசீலி?"

"சொல்லத்தான் கிளம்பினேன். இவருதான் வேணாம்னுட்டாரு" என்று பாலசுந்தரத்தைக் காட்டினாள். "‘ஆசை ஆசையா கரையைச் சுத்தம் பண்ணி வெச்சிருக்காரும்மா, தெரிஞ்சா மனசு ஒடிஞ்சிடுவாரு. அவங்க வாக்கிங் போற நேரமா பாத்து வந்து எல்லாரும் மொண்டுக்கினு போங்க’ன்னாரு."