உறையில்லாத கை

பிரசவத்தில் தோள் சிக்கி நரம்பு இழுபட்டதால் குழந்தை பொழிலிக்கு வலது கை விளங்கவில்லை. மருத்துவமனை மாட்டிவிட்ட நரம்புறை என்ற மின்கருவி அந்தக் கையை அழகாக ஆட்டியது. வந்தவர்களுக்கெல்லாம் வணக்கம்கூட வைத்தது. கழற்றினால் கை துணிபோலத் தொங்கும். எட்டு மாதமாக இதே கதை.

அன்று குளிப்பாட்ட உறையைக் கழற்றியிருந்தாள் அம்மா வளர்மதி. ஓய்வுபெற்ற இணை இயக்குநரான அவள் பெரியப்பா சதாசிவம், குளியல் தொட்டிமேல் குனிந்து உரையாற்றினார். “கருவி இல்லாம இந்தக் கை இனி அசையாதும்மா. அறிவியல்பூர்வமா ஏத்துக்கணும்.”

சப்பென்று ஓர் அறை. அவர் கண்ணாடி தண்ணீருக்குள் விழுந்தது.

அடித்தது வலது கை.

“ஏங்க, ஓடி வாங்க! பாப்பா அடிச்சிட்டா!” அழுதுகொண்டே சிரித்தாள் வளர்மதி. “பெரியப்பா, நிமிராதீங்க. அவரு இன்னும் பார்க்கலை.”

பெரியப்பா, வாழ்க்கையில் முதன்முறையாக, பேசாமல் கன்னத்தைக் காட்டினார்.